தோளை அழுத்தாத லென்சு எது?

ஊருக்குப் போகிறவர்கள் கேமராப் பையில் எதை எடுத்துச் செல்லலாம்?

மே மாதம் பிறந்துவிட்டால் போதும். தாதர், சி.எஸ்.எம்.டி., குர்லா முனையம் ஆகிய மூன்று இடங்களிலும் தமிழ்க் குரல் கேட்கத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடம் அடைத்தாயிற்று. அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பெட்டி, தோளில் பை, காலுக்கடியில் தண்ணீர்க் கேன். திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் ஒன்றரை நாள் ரயில் பயணம்.

இத்தனை சாமான்களுக்கு நடுவே ஒரு கேமராப் பையும் வருமா, வராதா? வீட்டுக்கு வீடு எழும் கேள்வி இது.

சயானில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். சொந்த ஊர் நெல்லைச் சீமை. போனஸ் பணத்தில் ஒரு கேமரா வாங்கினார். அதோடு வந்த சிறிய லென்சு போதாது என்று யாரோ சொன்னார்கள். கடன் வாங்கி, ஒன்றரை கிலோ எடையுள்ள பெரிய லென்சு ஒன்றை வாங்கினார். பிறகு இன்னொன்று. முதல் வருடம் எல்லாவற்றையும் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார். கழுத்து வலியோடு திரும்பினார். இரண்டாம் வருடம் பை ஆச்சி வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

மூன்றாம் வருடம் புறப்படும்போது மனைவி கேட்டார்: "பிள்ளையைத் தூக்கப் போறீங்களா, இதைத் தூக்கப் போறீங்களா?"

கேமரா பீரோவுக்குள் போயிற்று.

அவர் ஊரிலிருந்து திரும்பிய நான்காம் மாதம் அவருடைய தாயார் காலமானார். சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டார்கள்.

இது ஒருவர் கதை அல்ல. தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இதே கதை வேறு வேறு விதமாக நடந்திருக்கிறது. பணம் போனது பெரிதல்ல. எடுக்க வேண்டிய படம் எடுக்கப்படாமலே போய்விடுகிறதே, அதுதான் பெரிது.

ஆகவே பயணத்துக்கு லென்சு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, பெயரையும் அல்ல. "இதை நான் தூக்கிக்கொண்டு போவேனா?" என்பதைத்தான்.

எடைக்குப் பயந்து பிறந்த கேமரா

பாரத்துக்குப் பயப்படுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. இன்றைய சிறிய கேமராக்கள் எல்லாம் பிறந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்!

ஜெர்மனியில் லைட்ஸ் என்ற கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். படம் எடுப்பதில் அவருக்கு ஆசை அதிகம். ஆனால் அவர் ஆஸ்துமா நோயாளி. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுக் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மலை ஏற அவரால் முடியவில்லை. சினிமாப் பிலிமையே பயன்படுத்தி, கைக்குள் அடங்கும் ஒரு கேமராவைச் செய்தார். 1925-ம் ஆண்டு லைப்சிக் கண்காட்சியில் அது விற்பனைக்கு வந்தது. அதுதான் 'லைக்கா'. அதில் இருந்தது ஒரே ஒரு 50 மி.மீ. லென்சு.

அந்த லைக்காவையும் பெரும்பாலும் 50 மி.மீ. லென்சையும் வைத்துக்கொண்டு உலகத்தைச் சுற்றியவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியே பிரெசோன். காந்தியடிகள் சுடப்பட்ட 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி, அதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவர் இவர். 1950-ம் ஆண்டு ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களையும் இவர் படம் பிடித்தார். மூட்டை மூட்டையாக லென்சு சுமந்து வந்தவர் அல்ல அவர்.

நம் வீடுகளிலும் இதற்குச் சாட்சி உண்டு. பரோடாவில் தயாரான 'அக்பா கிளிக்-3' கேமராவை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பிலிம் சுருளுக்கு 12 படம். கழற்றி மாற்ற லென்சு கிடையாது. கல்யாணம், காதுகுத்து, மெரீனா கடற்கரை எல்லாம் அந்த ஒரே லென்சில்தான் எடுக்கப்பட்டன. அந்தப் படங்கள் இன்றும் ஆல்பத்தில் இருக்கின்றன.

மி.மீ. என்றால் என்ன?

கடைக்குப் போனால் 18-55, 35, 50, 18-140, 55-250 என்று எண்களாகச் சொல்வார்கள். பயந்துவிடக் கூடாது.

எண் சிறியதாக இருந்தால் லென்சு அகலமாகப் பார்க்கும். எண் பெரியதாக இருந்தால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும். அவ்வளவுதான்.

இதை அடிக்கணக்கில் பார்த்தால் இன்னும் எளிதாக விளங்கும். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் உள்ளே படம் பதியும் தகடு சுமார் 23.5 மி.மீ. அகலம் உள்ளது. அந்தக் கேமராவோடு எட்டு அடி தள்ளி நின்றால்,

18 மி.மீ. லென்சு சுமார் பத்தரை அடி அகலத்தை அடக்கும்.

35 மி.மீ. லென்சு ஐந்தே கால் அடிக்குச் சற்றுக் கூடுதலாக அடக்கும்.

50 மி.மீ. லென்சு மூன்றே முக்கால் அடியைத்தான் அடக்கும்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் ஒருவர், 50 மி.மீ. லென்சு ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? சுவரோடு சுவராக ஒட்டி நின்றாலும் இரண்டு பேர் முகம்தான் விழும். பிறந்தநாள் கேக்கையும் பிள்ளைகளையும் சேர்த்து எடுக்க முடியாது. 'எல்லாரும் வாங்குகிறார்களே' என்று 50 மி.மீ. வாங்கிவிட்டு விழிப்பவர்கள் ஏராளம்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். லென்சில் உள்ள எண்ணை வைத்து அகலத்தைக் கணிப்பது, 36க்கு 24 மி.மீ. அளவுள்ள பெரிய தகட்டை வைத்து வந்த பழக்கம். சிறிய தகடு உள்ள நிக்கான், சோனி கேமராக்களில் அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். கேனனில் 1.6-ஆல் பெருக்க வேண்டும். அதாவது, பார்னாக்கின் 50 மி.மீ. லென்சு பார்த்ததைப் போலப் பார்க்க, இந்தக் கேமராக்களில் சுமார் 35 மி.மீ. லென்சு வேண்டும்.

எப் எண்ணின் ரகசியம்

லென்சின் விளிம்பில் 1:1.8, 1:3.5-5.6 என்று அச்சிட்டிருக்கும். இதைத்தான் 'எப்' எண் என்கிறார்கள். இந்த எண் குறையக் குறைய லென்சின் வாய் அகலும். வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்.

எவ்வளவு கூடுதல்? எப்-5.6 லென்சைவிட எப்-1.8 லென்சு ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது! மங்கலான ஓர் இடத்தில் ஒரு லென்சு 6-ல் 1 வினாடி நேரம் எடுத்துக்கொண்டால், மற்றது 60-ல் 1 வினாடியில் வேலையை முடித்துவிடும். ஆறில் ஒரு வினாடிக்குள் கை ஆடிவிடும். படம் கலங்கிவிடும். அறுபதில் ஒரு வினாடி என்றால் மூச்சை அடக்கி எடுத்துவிடலாம்.

கை ஆட்டத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. பெருக்கி வந்த மி.மீ. எவ்வளவோ, அதன் கீழ் ஒன்று என்ற வேகத்துக்குக் குறையக் கூடாது. 200 மி.மீ. லென்சை ஒன்றரையால் பெருக்கினால் 300. ஆகவே 300-ல் 1 வினாடியாவது வேண்டும்.

இந்த ஆட்டத்தைத் தடுக்கும் கருவி லென்சுக்குள்ளேயே இப்போது வருகிறது. 1995-ம் ஆண்டு கேனன் கம்பெனியின் 75-300 மி.மீ. லென்சில் முதன்முதலாக வந்தது. கேனன் இதை ஐ.எஸ். என்கிறது. நிக்கான் வி.ஆர். என்கிறது. சோனி ஓ.எஸ்.எஸ்., டாம்ரான் வி.சி. என்று அழைக்கின்றன. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

ஆனால் ஒன்று. இந்தக் கருவி உங்கள் கை ஆடுவதைத்தான் தடுக்கும். ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது! அதற்கு வேகமும் வெளிச்சமும்தான் வேண்டும்.

நான்கு வழிகள்

பயணத்துக்குப் போகிறவர் முன் இருப்பவை நான்கு வழிகள்.

முதல் வழி: கேமராவோடு வரும் 18-55 மி.மீ. லென்சு. 'இது சும்மா கொடுத்தது' என்று பலர் இதை ஏளனமாகப் பார்க்கிறார்கள். தவறு. நிக்கானின் புதிய வகை 18-55 சுமார் 205 கிராம். கேனனுடையது சுமார் 215 கிராம். கூட்டப் படம் முதல் முகப் படம் வரை பகல் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் எடுக்கலாம். இருட்டில்தான் தடுமாறும்.

இரண்டாம் வழி: மி.மீ. மாறாத ஒற்றை லென்சு. நிக்கானின் 35 மி.மீ. எப்-1.8 சுமார் 200 கிராம். கேனனின் 24 மி.மீ. எப்-2.8 வெறும் 125 கிராம். சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம். கேனனின் 50 மி.மீ. எப்-1.8 சுமார் 160 கிராம். விலை குறைவு, தெளிவு அதிகம், இருட்டுக்குப் பயமில்லை. ஆனால் கிட்டே போகவும் தள்ளி வரவும் உங்கள் கால்தான் உழைக்க வேண்டும்.

மூன்றாம் வழி: எல்லாவற்றையும் ஒன்றில் அடக்கிய நீள லென்சு. 18-140, 18-135, 18-200 என்று பல உண்டு. சாதாரணக் கேமராக்களுக்கு ஏற்ற முதல் 'சூம்' லென்சு 1959-ம் ஆண்டு வாய்க்லாண்டர் கம்பெனி வெளியிட்ட 'சூமார்'. அது 36-82 மி.மீ. வரைதான் போயிற்று. 1992-ல் டாம்ரான் 28-200 மி.மீ. லென்சைக் கொண்டுவந்தது. இன்று அதையும் தாண்டிவிட்டார்கள். நிக்கானின் 18-140 சுமார் 490 கிராம். 18-200 சுமார் 565 கிராம். டாம்ரானின் 18-400 சுமார் 700 கிராமுக்கு மேல்.

இதில் நன்மை என்ன? வழியில் லென்சைக் கழற்றி மாட்ட வேண்டாம். ஓடும் ரயிலின் புழுதியும் கடற்கரை மணலும் கேமராவுக்குள் போகாது. பிள்ளை பக்கத்தில் இருந்தாலும், கோபுரத்தின் உச்சியில் இருந்த சுதை பொம்மையைப் பார்த்தாலும் ஒரு திருப்புத்தான். தீமை என்ன? நீட்ட நீட்ட வெளிச்சம் குறையும். ஒரே லென்சு எல்லா வேலையும் செய்வதால் தெளிவில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

நான்காம் வழி: 18-55 லென்சோடு ஓர் ஒற்றை லென்சு. இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நிக்கானின் 18-55-ஐயும் 35 மி.மீ.-ஐயும் சேர்த்து எடை போட்டால் சுமார் 405 கிராம். அந்த ஒற்றை 18-140-ஐவிடக் குறைவு! கேனனின் 18-55, 24 மி.மீ. இரண்டும் சேர்ந்து 340 கிராம். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. கையில் ஏற்கனவே 18-55 இருப்பவருக்குச் செலவு ஒரு லென்சுக்குத்தான்.

மாதச் சம்பளக்காரருக்கு இந்த நான்காம் வழியே ஏற்றது. வெளியூர் கோவில், மலை, அணை என்று அதிகம் சுற்றுகிறவர், லென்சு மாற்றும் பொறுமை இல்லாதவர், மூன்றாம் வழிக்குப் போகலாம். ஒன்றரைக் கிலோ லென்சு கல்யாணங்களுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் படம் எடுத்துச் சம்பாதிப்பவருக்கு உரியது. அவருக்கு அது தொழில். ஊருக்குப் போகிறவருக்கு அது சுமை.

மிரர்லெஸ் என்னும் புது வகைக் கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பாரம் இன்னும் குறைவு. சோனியின் 16-50 சுமார் 116 கிராம். நிக்கானின் 16-50 சுமார் 135 கிராம். கேனனின் 18-150 சுமார் 310 கிராம். நிக்கானின் 18-140 சுமார் 315 கிராம்.

செல்போன் போதாதா?

நியாயமான கேள்வி. பகல் வெளிச்சத்தில், கிட்டே இருப்பவர்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் என்றால் செல்போன் தாராளமாகப் போதும். அதற்காக ஒரு மாதச் சம்பளத்தைச் செலவழிக்க வேண்டாம். செல்போனின் முக்கிய லென்சு பெரும்பாலும் பெரிய தகட்டுக் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. அளவுக்கு அகலமானது. கூட்டப் படத்துக்கு நல்லது.

ஆனால் அதே செல்போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும், காது சிறிதாகும். தூரத்தில் இருப்பதை விரலால் இழுத்துப் பெரிதாக்கினால், தனி டெலி லென்சு இல்லாத போனில், அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பெரிதாகப் பிரிண்டு போட்டுச் சுவரில் மாட்டும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் மூன்று சோதனைகள்

பணம் செலவழிக்காமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை.

ஒன்று: போன வருடம் எடுத்த படங்களில் பிடித்தவை நூறைப் பொறுக்கி எடுங்கள். ஒவ்வொரு படமும் எத்தனை மி.மீ.யில் எடுக்கப்பட்டது என்பது படத்தின் விவரத்திலேயே பதிந்திருக்கும். எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு எழுபது 18-க்கும் 35-க்கும் நடுவில் இருந்தால், 200 மி.மீ. லென்சு உங்களுக்கு எதற்கு?

இரண்டு: 18-55 லென்சை 35-ல் வைத்து, திருகாதபடி ஒரு டேப்பை ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்படியே படம் எடுங்கள். மறுநாள் 50-ல் வைத்து எடுங்கள். எது கைக்கு வருகிறது என்பது தெரிந்துவிடும்.

மூன்று: வாங்க நினைக்கும் லென்சு, கேமரா இரண்டின் எடைக்குச் சமமாக அரிசியை ஒரு பையில் கட்டி, கழுத்தில் மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் வாருங்கள். பாதி வழியில் கைக்கு மாற்றினால், அந்த லென்சு உங்களுக்கு வேண்டாம்!

எங்கே எது உதவும்?

எலிபெண்டா: கேட்வேயில் இருந்து படகில் ஒரு மணி நேரப் பயணம். திங்கட்கிழமை விடுமுறை. குகைக்குள் உள்ள மும்முகச் சிவன் சுமார் 18 அடி உயரம். உள்ளே வெளிச்சம் குறைவு. எப்-1.8 லென்சு இருந்தால் பிளாஷ் இல்லாமலே எடுக்கலாம்.

அஜந்தா: முப்பது குகைகள். ஓவியங்கள் கெட்டுவிடும் என்பதால் பிளாஷ் போடத் தடை. முக்காலிக்குத் தொல்பொருள் துறையின் அனுமதி வேண்டும். ஆகவே இங்கே நீள லென்சு வைத்திருப்பவர் வெறுங்கையோடு திரும்புவார். சின்ன ஒற்றை லென்சு வைத்திருப்பவர் சிரித்துக்கொண்டு வருவார்.

எல்லோரா: செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஒரே மலையை மேலிருந்து கீழாகக் குடைந்த கயிலாசநாதர் கோவிலை 18 மி.மீ.யில் எடுத்தால்தான் அதன் பிரமாண்டம் படத்தில் விழும்.

தஞ்சைப் பெரிய கோவில்: சுமார் 60 மீட்டர் உயரமுள்ள விமானம். கேமராவை நெடுக்காகத் திருப்பி, அண்ணாந்து பிடித்தால், 18 மி.மீ. லென்சில் சுமார் 30 மீட்டர் தள்ளி நின்றாலே அடி முதல் உச்சி வரை அடங்கிவிடும். 50 மி.மீ. லென்சோடு போனால் 120 மீட்டருக்கு மேல் பின்னால் நடக்க வேண்டும். அண்ணாந்து எடுக்கும்போது விமானம் பின்பக்கம் சாய்வது போலத் தோன்றும். இடம் இருந்தால் தள்ளிப் போய் எடுப்பது அழகு. கோவில்களில் எதைப் படம் எடுக்கலாம், எது வரை கேமரா கொண்டுபோகலாம் என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

குற்றாலம்: சாரல் லென்சில் படும். துடைக்க ஒரு பருத்தித் துணி அவசியம். அருவிக்குப் பக்கத்தில் லென்சு மாற்றவே கூடாது. குளிப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்புவது நாகரிகம் அல்ல.

கூந்தன்குளம்: நெல்லை மாவட்டத்துப் பறவைகள் சரணாலயம். இங்கே மட்டும் 18-55 கைவிரித்துவிடும். 250 மி.மீ.யாவது வேண்டும். ஆனால் ஒரே ஒரு நாளுக்காக ஒரு லென்சு வாங்குவதா? மும்பையில் லென்சுகளை வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. நண்பரிடம் இரவல் கேட்டாலும் தவறில்லை.

பழைய லென்சு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பலர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுவதால், டி.எஸ்.எல்.ஆர். லென்சுகள் கைமாறுவது அதிகம். போர்ட் பகுதியில் போரா பஜார் தெருவுக்குப் போனால் புதியதும் பழையதும் பார்க்கலாம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும்.

லென்சின் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போலவோ பஞ்சு போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் கவலை இல்லை.

வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். மணல் அரைபடுவது போன்ற சத்தம் கேட்கக் கூடாது. லென்சைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தானாக நீண்டு தொங்கினால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் கேமராவையே கொண்டுபோய் மாட்டி, பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறு பக்கம் மங்கலாகவும் இருந்தால் லென்சு கீழே விழுந்தது என்று சந்தேகிக்கலாம்.

பொருத்தமும் முக்கியம். நிக்கானின் டி-3000, டி-5000 வரிசைக் கேமராக்களில் மோட்டார் கிடையாது. ஏ.எப்-டி என்னும் பழைய லென்சுகளை அவற்றில் மாட்டினால் தானாகக் கூர்மை பிடிக்காது. கையால்தான் திருப்ப வேண்டும். விலை மலிவு என்று வாங்கிவிட்டு ஏமாறக் கூடாது.

புதிதாக வாங்கினால் பில்லும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றால், ரிப்பேர் வரும்போது அந்தக் குறைத்த பணம் உதவாது.

மழைக்காலத்தில் ஜாக்கிரதை

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் ஈரம் லென்சுக்கு எமன். தோல் பையில் மூடி பீரோவுக்குள் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து!

இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, கேமராவையும் லென்சையும் வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வகைகளில் நீலம், ஈரம் இழுத்துக்கொண்டதும் வெளுத்து இளஞ்சிவப்பாகும். சூடாக்கி ஈரத்தைப் போக்கினால் மறுபடி பயன்படுத்தலாம். வாரம் ஒரு முறையாவது லென்சை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். பயன்படுத்துகிற லென்சைப் பூஞ்சை எளிதில் அண்டாது.

முதல் நாள் காலையிலேயே...

லென்சு வாங்கியாயிற்று. ஊருக்கும் போயாயிற்று. அதன் பிறகு?

'திரும்புவதற்குள் எடுத்துக்கொள்ளலாம்' என்று வயதானவர்களின் படத்தைத் தள்ளிப்போடுவது வழக்கமாகிவிட்டது. கோவில் கொடை, கல்யாணம், உறவினர் வீடு என்று பத்து நாளும் ஓடிவிடும். கடைசி நாள் மூட்டை கட்டும் அவசரத்தில் யார் கேமராவைத் தேடுவது?

ஆகவே போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே எடுத்துவிடுங்கள். தாயாரையோ ஆச்சியையோ திண்ணையில், நேர் வெயில் படாத இடத்தில் உட்கார வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரட்டும். 18-55 லென்சு என்றால் 50-க்கு மேல் வைத்து, ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். 35 மி.மீ. என்றால் மடியில் பேரப்பிள்ளையையும் சேர்த்து எடுக்கலாம். கண்ணில் கூர்மை இருக்கட்டும். "சிரிங்க" என்று அதட்ட வேண்டாம். பேச்சுக் கொடுங்கள், சிரிப்பு தானாக வரும்.

குடும்பமே சேர்ந்து நிற்கும் படத்துக்கு 18 மி.மீ. வேண்டியிருக்கும். அப்போது ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிவார்கள். ஆகவே பெரியவர்களை நடுவில் உட்கார வைத்து, இளவட்டங்களை ஓரத்துக்கு அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. படத்தை செல்போனிலேயே வைத்திருக்காதீர்கள். ஊரில் ஸ்டுடியோ இருக்கிறது. லீவு முடிவதற்குள் இரண்டு பிரிண்டு போடுங்கள். ஒன்று ஊர் வீட்டுக்கு. ஒன்று மும்பை வீட்டுக்கு.

சயான் குமாஸ்தாவைப் போன்ற பலரின் பீரோக்களில் விலை உயர்ந்த லென்சுகள் இன்றும் தூங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் குறைந்த விலைக்காவது விற்றுவிட்டு, இருநூறு கிராமில் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். அடுத்த மே மாதம் ரயில் ஏறும்போது கேமரா வீட்டில் இருக்கக் கூடாது. தோளில் இருக்க வேண்டும்.